சுவருக்கு வெளியே

மொந்தேவிதேயோவில், துறைமுகக் கிரேன்களுக்குப் பின்னால்
எங்கள் மைதானம்.
செங்கல் நிறச் சட்டை.
முதல் துவைப்பிலேயே இளஞ்சிவப்பாகிவிடும்,
அதற்கும் ஒரு பாட்டு வைத்திருக்கிறார்கள்
மற்ற பேட்டைக்காரர்கள்.

என் பெயர் அன்செல்மோ பிதெகாய்ன்.
பல்செட் செய்கிறவன்.
தெருவில் யாரைக் கேட்டாலும் பெயரைச் சொல்லமாட்டார்கள்,
"எஸ்த்ரேயாக்காரன் வீடா?" என்று கைகாட்டுவார்கள்.

எண்பத்தேழில் எங்கள் கோப்பை.
ஒன்றே ஒன்று.
அந்த நவம்பர் ஞாயிறு, எண்பதாவது நிமிடம்வரை கோல் இல்லை.
மைத்துனன் அதில்யோ என் பக்கம் திரும்பினான்:
"நீ பார்த்து எந்த வருஷம் நாம் ஜெயித்திருக்கிறோம்?"
பின்வரிசை யோசித்தது.
மீன்லாரி ஓட்டும் சகோதரர்கள் இருவரும் யோசித்தார்கள்.
யாருக்கும் கோபமில்லை, அதுதான் மோசம்.
"கொஞ்ச நேரம் வெளியே நில்லேன், அன்செல்மோ."

போனேன்.
எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

வெளியே ஒரு வேர்க்கடலை வண்டி, ஒரு நாய்.
சுவரில் ஈரம். நெற்றியை அதில் வைத்துக்கொண்டேன்.
எண்பத்தெட்டாவது நிமிடம்
சுவர் முதலில் அதிர்ந்தது,
சத்தம் பிறகுதான் வந்தது.
கடலைக்காரனைக் கட்டிப்பிடித்தேன். அவன் வேறு அணி.
அவனுடைய சில்லறை தெருவெல்லாம் உருண்டது.

முப்பத்தெட்டு வருடமாக அந்த கோலை எனக்குச் சொல்கிறார்கள்.
எலாதியோ குர்பெலோ, பெனால்டி கோட்டுக்கு வெளியே,
வலது கால், பந்து கம்பத்தின் உட்புறம் உரசி.
இப்போது பார்த்தவர்களைவிட நான் நன்றாகச் சொல்வேன்.
நீத்ஸாவிடம் என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்ட நாளில்
அவள் என்ன நிறம் உடுத்தியிருந்தாள்
என்று அவளிடமே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.
அந்த கோலில் புல் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று கேளுங்கள்.

வங்கிகள் கதவடைத்த வருடம் மகள் மாட்ரிட் போனாள்.
அங்கே பல் தொழிலுக்கு நல்ல சம்பளம், வா என்றாள்.
வரலாம்தான்.
ஞாயிற்றுக்கிழமைகளில் நான் யாராக இருப்பேன்?

போன மாதம் குர்பெலோவே என் கடைக்கு வந்தார்.
எழுபது வயது. மேல்வரிசை முழுவதும் கட்ட வேண்டும்.
வாய் நிறைய அச்சுமாவோடு அவர் அசையாமலிருந்த நாலு நிமிடம்
அவர் கோலை அவருக்கே சொன்னேன்.
நாயகன் குறுக்கே பேசமுடியாத அந்த பாக்கியம்
வேறு யாருக்குக் கிடைத்திருக்கிறது?

அச்சை எடுத்தேன். கொப்பளித்துத் துப்பினார்.
"முழங்கால்" என்றார்.
"எது?"
"முழங்காலில் பட்டது. யாரோ பின்னாலிருந்து தள்ளினான்,
விழும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.
திறந்தால் எல்லாரும் என்மேல் கிடக்கிறார்கள்.
நானும் பார்க்கவில்லை தம்பி."

அன்றிரவு பிளாஸ்டர் காய்வதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.
வெள்ளை ஈறுகள். கவிழ்த்து வைத்தால் கோப்பை மாதிரிதான்.
அதில்யோ செத்து ஆறு வருடம்.
கடைசியாகப் பேசியபோதும் வலது கால் என்றான்,
மூச்சு வாங்க வாங்க.
இருக்கட்டும். வலது காலாகவே இருக்கட்டும்.

பணம் ஏன் வாங்கவில்லை என்று நீத்ஸா கேட்டாள்.
நானும் அவரும் ஒரே கட்சி, என்றேன்.
அதுதான் ஊருக்கே தெரியுமே என்றாள்.

நேற்று இரண்டாம் டிவிஷன் ஆட்டம். மழை.
இருநூறு பேர் இருந்தால் அதிகம்.
ஒன்றுக்கு ஒன்று, எண்பதாவது நிமிடம்.
யாரும் என் பக்கம் திரும்பவில்லை,
திரும்பக்கூடியவர்கள் யாரும் மிச்சமில்லை.
நானாக எழுந்தேன்.
பக்கத்து இருக்கைப் பையன் கேட்டான்,
"ஐயா, இன்னும் முடியலையே?"
தெரியும், என்றேன்.

அதே சுவர், அதே ஈரம். கடலை வண்டி இல்லை.
முன்பே ஒருவன் அங்கே நின்றிருந்தான்,
முப்பது வயதிருக்கும்,
வெளுத்த சட்டை, நெற்றி சுவரில்.
யார் அனுப்பினார்கள் என்று நான் கேட்கவில்லை.
அவன் கொஞ்சம் நகர்ந்து
எனக்கு இடம் விட்டான்.